இரண்டு பத்து முதல் இரண்டு நாற்பது வரை

கார்த்திகை கடைசி. சாத்தையாறு அணைக்கரை.
எரிநட்சத்திரம் எண்ண வந்திருக்கிறோம் மூன்று பேர்.
எண்ணுகிறவர்கள் இரண்டு பேர்.
நான் காப்பிக்கு.

ஒச்சம்மாள் டீச்சரின் சட்டம் ஒன்றுதான்:
வெளிச்சம் கூடாது.
இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம்,
கெட்டுப்போக ஒரு தீக்குச்சி.
செல்போன் மூன்றும் சாப்பாட்டுத் தூக்குக்குள்
மூடி போட்டுக் கிடக்கின்றன.

தீ இல்லாமல் காப்பி எப்படி டீச்சர் என்றேன்.
அது உங்க பாடு என்றார்,
அண்ணாந்தபடியே.

சரிவில் இறங்கி
மதகுச் சுவரோரம் பள்ளம் பறித்தேன்.
மூன்று கல்.
காற்று வரும் பக்கம் ஈரச் சாக்கு.
சுள்ளி என்றால் சுவாலை எழும்பும் என்று
கொட்டாங்கச்சிக் கரி, வீட்டிலேயே சுட்டுக் கொண்டுவந்தது.
துண்டை முக்காடு போட்டுக்கொண்டு
ஒரே ஒரு குச்சி கிழித்தேன்.
அந்த ஒன்றில் என் கண் போயிற்று.
நிமிர்ந்தால் வானம் வெறும் தார்ப்பாய்.

பழங்காநத்தத்தில் பிரேக் ஷூ ஒட்டுகிறவன் நான்,
சூட்டைக் காதால் பார்க்கத் தெரியும்.
நூபுர கங்கையில் ஜஸ்டின் பிடித்துவந்த தண்ணீர்
முதலில் சும்மா இருந்தது,
பிறகு மணல் உருளும் சத்தம்,
பிறகு தூரத்து மண்டபத்தில் யாரோ கைதட்டுவதுபோல.
தளதளக்க விடக் கூடாது.
கைதட்டலில் இறக்கிவிட வேண்டும்.

தூள் தாண்டிக்குடிக் கொட்டை.
கொஞ்சம் கொரகொரப்பாக, சிக்கரி கைகாட்டினால் போதும் என்று
தெற்குமாசி வீதியில் நின்று
இரண்டு தடவை சொல்லி அரைத்தது.
நாலு கரண்டி. அமுக்கவில்லை.
குடையை அதன் எடைக்கே விட்டேன்.
எவ்வளவு ஊற்றினேன் என்று தெரியாததால்
சுண்டுவிரலை உள்ளே தொங்கவிட்டு
நகம் சுடும் வரைக்கும் ஊற்றினேன்.

அணைக்காற்று பித்தளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.
ஆறிவிட்டால் சாறு இறங்காது.
தலையிலிருந்த குரங்குக் குல்லாயைக் கழற்றி
ஃபில்டருக்குப் போட்டேன்.
விறைத்தது என் காது இரண்டும்.

மேலே எண்ணிக்கை நடக்கிறது.
"வடக்கே ஒண்ணு."
"எனக்கும்."
"நாப்பத்திரெண்டு."
கீழே நான் வேறு கணக்கு:
சொட்.

சொட்.

தட்டினால் வேகமாக இறங்கும்.
கடைப் பையன் தட்டுவான், வண்டலும் கூடவே வரும்.
கை சும்மா இருக்காதென்று
தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பதினாறோ பதினேழோ சொட்டில்
மேலே இருவரும் ஒன்றாக "அடியாத்தே" என்றார்கள்.
மதகுச் சுவர் பச்சையாகி
அதில் என் நிழலும் குல்லாய் போட்ட சின்ன நிழலும்
ஒரு கணம் பக்கத்தில் பக்கத்தில்.
தவளைகள் நிறுத்தின.
எங்கோ ஒரு மயில் திட்டியது.
திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்றுமில்லை.
குல்லாய்க்குள் மட்டும்
சொட்டிக்கொண்டிருந்தது.

பால் பாலமேட்டில் சாயங்காலம் கறந்தது,
கரிச்சூட்டில் ஏடு கட்டியிருந்தது.
நாட்டுச்சர்க்கரை. டம்ளர் இரண்டு, எனக்குத் தூக்கின் மூடி.
டீச்சர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்,
அந்தக் கண் வானத்துக்காம்.
பொத்தாத கண்ணால் கரியைப் பார்த்து,
குடித்து,
கொஞ்ச நேரம் பேசவில்லை.
இன்னொரு மடக்கு இருக்கா என்றார்.

நோட்டில் "இடைஞ்சல்" என்றொரு கட்டம்.
மேகம், மூடுபனி, லாரி வெளிச்சம் என்று எழுதுகிற இடம்.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்:
2.10 – 2.40 காப்பி.

பெரிசு வெள்ளை என்றான் ஜஸ்டின்.
நீலம் என்றார் டீச்சர்.
நான் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தேன் என்றேன்.
சுவர் என்ன நிறம்?
பச்சை.
அதையும் எழுதிக்கொண்டார்.

பாவம், அடுத்த தடவை நீங்க மேல உட்காருங்க,
ஜஸ்டின் காப்பி போடட்டும் என்றார்.

வேண்டாம் டீச்சர் என்றேன்.
அவன் தட்டுவான்.